வலையில் சிக்கின ராக்கெட்டும் நின்னுபோன கவுண்ட்டவுனும்

(ஆடியோ எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.)

இன்னைக்கு ராக்கெட் பத்திப் பேசப் போறோம். ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போறதுக்கு முன்னாடி, நம்ம பாண்டியிலேயே, வம்பாகீரப்பாளையத்துல கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போகலாம்.

2019 டிசம்பர் தொடக்கம். வம்பாகீரப்பாளையத்து மீனவர்கள் கடல்ல இருந்தப்ப வலையில கனமா ஏதோ மாட்டுச்சு. பாத்தா, நீளமான ஓர் உலோக உருளை. படகுல கட்டி இழுத்துக் கரைக்குக் கொண்டு வந்தாங்க. அது மேல எழுத்தும் எண்ணும் போட்டிருந்துச்சு. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டோட அடிப்பக்கத்தச் சுத்திக் கட்டியிருப்பாங்களே, ஸ்ட்ராப்-ஆன் மோட்டார், அதுல ஒண்ணு. ஊரே கூடி வேடிக்கை பாத்துச்சு. அப்புறம் இஸ்ரோ ஆளுங்க வந்தாங்க.

அதுக்குச் சில நாள் முன்னாடிதான், நவம்பர் 27 காலைல, பி.எஸ்.எல்.வி. சி47 ராக்கெட் கார்ட்டோசாட்-3 செயற்கைக்கோளத் தூக்கிட்டுப் போயிருந்துச்சு. அந்த வகை ராக்கெட்டுல ஆறு ஸ்ட்ராப்-ஆன் இருக்கும். ஒவ்வொண்ணுலயும் 12 டன் திட எரிபொருள். சுமார் ஒண்ணரை நிமிஷத்துல ஆறும் எரிஞ்சு தீர்ந்து, கழண்டு, வங்கக்கடல்ல விழும். வடகிழக்குப் பருவமழை மாசங்கள்ல நம்ம கரையோர நீரோட்டம் வடக்கிருந்து தெற்கா ஓடும். ஸ்ரீஹரிகோட்டா நமக்கு வடக்கே கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர்.

அந்த சமயத்துல உலகம் முழுக்க பூஸ்டர் ரெக்கவரிதான் பேச்சு. 2015 டிசம்பர்ல ஸ்பேஸ்எக்ஸ் தன்னோட ஃபால்கன் 9 பூஸ்டர நிமிர்த்தி நிக்க வச்சு இறக்கினாங்க. அப்புறம் கடல்ல மிதக்கிற மேடையில இறக்கினாங்க. நம்ம ஊர்ல பூஸ்டர ரெக்கவர் பண்ணது ஒரு மீன் வலை.

சிரிக்கலாம். ஆனா இந்த சம்பவத்துக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு. ஒரு ராக்கெட் எந்த நாள், எந்த நிமிஷம் கிளம்பணும்னு யார் முடிவு பண்றாங்க? கிளம்பினது திரும்பி வரலன்னா அதோட விலைய யார் குடுக்கிறாங்க? என் பார்வையில இந்திய ராக்கெட் வரலாறு ரெண்டு பாடங்களோட வரலாறு. முதல் பாடம், நேரத்துல நிறுத்துறது. அத நாம நல்லாவே கத்துக்கிட்டோம். ரெண்டாவது பாடம், அனுப்புனத பத்திரமா திருப்பி எடுக்கிறது. அத இப்பதான் கத்துக்கிட்டிருக்கோம்.

முகூர்த்தம் குறிக்கிறது

ராக்கெட் ஏவுற தேதி செய்தியில வரும்போது ஏதோ ரயில் டைம் டேபிள் மாதிரி இருக்கும். "25ஆம் தேதி காலை 9:28." கார்ட்டோசாட்-3க்கு முதல்ல சொன்ன தேதி அதுதான், நவம்பர் 25. அப்புறம் 27க்குத் தள்ளிப் போச்சு. ஆனா மணி மாறல. ரெண்டு நாள் தள்ளினாலும் அதே காலை 9:28. ஏன்?

பூமியப் படம் எடுக்கிற இந்த மாதிரி செயற்கைக்கோள்கள் சூரியனோட ஒத்துப்போற பாதையில சுத்தும். ஒவ்வொரு தடவ ஓர் இடத்துக்கு மேல வரும்போதும் அங்க உள்ளூர் நேரம் ஏறக்குறைய ஒண்ணா இருக்கும். அப்பதான் நிழல் ஒரே மாதிரி விழும். போன மாச படத்தையும் இந்த மாச படத்தையும் பக்கத்துல வச்சு ஒப்பிட முடியும். அந்தப் பாதை பூமி சுத்தச் சுத்த ஒரு நாளைக்கு ஒரு குறிப்பிட்ட நேரத்துல ஏவுதளத்துக்கு நேரா வரும். அப்பத்தான் கிளம்பணும். தவறவிட்டா அடுத்த நாள் அதே நேரம். கிட்டத்தட்ட கல்யாண முகூர்த்தம் மாதிரி. பஞ்சாங்கத்துக்குப் பதிலா இங்க சுற்றுப்பாதைக் கணக்கு.

அந்த நேரம் கிடைச்சாலும் வேலை முடியல. வானிலை சரியா இருக்கணும். மின்னல் இருக்கக் கூடாது. மேல்காத்து ராக்கெட்ட முறிக்கிற வேகத்துல அடிக்கக் கூடாது. விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் முன்கூட்டியே எச்சரிக்கை போகணும். பழவேற்காடு பக்கத்து மீனவர்களுக்குக் கடலுக்குப் போக வேணாம்னு அறிவிப்பு போகணும். ராக்கெட் போற வழியில ஏற்கனவே சுத்திட்டிருக்கிற குப்பை குறுக்க வருதான்னு பாக்கணும்.

அந்தக் கடைசி விஷயத்துக்கு ஓர் உதாரணம். 2012 செப்டம்பர் 9. இஸ்ரோவோட நூறாவது மிஷன், பி.எஸ்.எல்.வி. சி21. ராக்கெட்டுல இருந்த முக்கியமான சரக்கு பிரான்ஸோட ஸ்பாட்-6 செயற்கைக்கோள். பாக்கிறதுக்குப் பிரதமர் மன்மோகன் சிங் நேர்லயே வந்திருக்கார். 9:51க்குக் கிளம்ப வேண்டியது, 9:53க்குத்தான் கிளம்புச்சு. விண்வெளிக் குப்பையோட மோதாம இருக்க ரெண்டே ரெண்டு நிமிஷம். நாட்டோட பிரதமரும் அந்தக் குப்பை நகர்ற வரைக்கும் காத்திருந்துதான் ஆகணும்.

இதுல பூகோளமும் சேந்துக்குது. பூமி மேற்கிருந்து கிழக்கா சுத்துறதால, கிழக்குக் கடற்கரையிலிருந்து ஏவுனா அந்த வேகம் இலவசமா கிடைக்கும். கீழ கடல்தான், விழுறது யார் தலையிலயும் விழாது. அதனாலதான் 1969ல ஸ்ரீஹரிகோட்டாவத் தேர்ந்தெடுத்தாங்க. 1971 அக்டோபர் 9 அன்னைக்கு அங்கிருந்து முதல் ராக்கெட், ரோகிணி-125, கிளம்புச்சு. ஆனா துருவத்துக்கு மேல போற பாதைக்கு நேரா தெற்க நோக்கிப் போகணும். நேரா போனா இலங்கை மேல போகும். அதனால முதல்ல தென்கிழக்கா போயி, அப்புறம் ஒடிச்சுத் தெற்க திரும்புவாங்க. அந்தத் திருப்பத்துக்கு எரிபொருள் செலவு. கழண்டு விழுற துண்டு எல்லாம் வங்கக்கடல்ல. இலங்கைக்குப் பாதுகாப்பு, ராக்கெட்டுக்குச் சுமை, கடலுக்குக் குப்பை. இதான் டீல்.

நிறுத்துன்னு சொன்ன கம்ப்யூட்டர்

இப்ப முதல் பாடம். 1979 ஆகஸ்ட் 10. இந்தியா சொந்தமா செஞ்ச முதல் செயற்கைக்கோள் ஏவு ராக்கெட் எஸ்.எல்.வி.-3. மிஷனோட தலைவர், ராமேஸ்வரத்துக்காரர், ஏ.பி.ஜே. அப்துல் கலாம். கிளம்ப சில நிமிஷம் இருக்கும்போது கம்ப்யூட்டர் கவுண்ட்டவுன நிறுத்திடுச்சு. கட்டுப்பாட்டு அமைப்புல ஏதோ சரியில்லன்னு காட்டுது. பக்கத்துல இருந்த நிபுணர்கள் கணக்குப் போட்டுப் பாத்து, "எரிபொருள் போதும், போகலாம்"னு சொல்றாங்க. கலாம் கம்ப்யூட்டர ஒதுக்கி வச்சுட்டு ராக்கெட்ட ஏவுறார்.

முதல் அடுக்கு அருமையா வேலை செஞ்சுச்சு. ரெண்டாவது அடுக்குல கட்டுப்பாடு போச்சு. கட்டுப்பாட்டு அமைப்புக்கான நைட்ரிக் அமிலம் கசிஞ்சு தீர்ந்திருந்துச்சு. 317 விநாடியில எல்லாம் முடிஞ்சு, ஸ்ரீஹரிகோட்டாவுலேந்து 560 கிலோமீட்டர் தள்ளி கடல்ல விழுந்துச்சு.

அன்னைக்குப் பத்திரிகையாளர்கள் முன்னாடி இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தானே போய் உக்காந்து தோல்விக்குப் பொறுப்பேத்துக்கிட்டார். அடுத்த வருஷம், 1980 ஜூலை 18, ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனப்ப, பேட்டி குடுக்கக் கலாம அனுப்பினார். இந்தக் கதைய கலாம் வாழ்நாள் முழுக்கச் சொல்லிட்டே இருந்தார். எல்லாரும் இதத் தலைமைப் பண்புக்கு உதாரணமா எடுத்துக்குவாங்க. சரிதான். ஆனா ஒரு இன்ஜினியரா எனக்கு இன்னொரு பாதியும் முக்கியம். மெஷின் நிறுத்துச்சு, மனுஷங்க மீறினாங்க. அந்த மீறலுக்குக் கெட்ட எண்ணம் காரணமில்ல. பல வருஷ உழைப்பு, நாடே பாக்குது, எல்லாம் தயாரா நிக்குது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆகியும் "பரவால்ல, டிப்ளாய் பண்ணிடலாம்"னு சொல்ற அதே மனநிலைதான். நமக்கு ரோல்பேக் இருக்கு. ராக்கெட்டுக்குக் கிடையாது.

இப்ப 22 வருஷம் தாண்டி வாங்க. 2001 மார்ச் 28. ஜி.எஸ்.எல்.வி.யோட முதல் பயணம். கவுண்ட்டவுன் முடியப் போகுது. கிளம்ப ஒரு விநாடி இருக்கும்போது எல்லாம் அணைஞ்சு நின்னுடுச்சு. நாலு ஸ்ட்ராப்-ஆன்ல ஒண்ணு தேவையான உந்துவிசையக் குடுக்கல. அத கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சு, யாரையும் கேக்காம நிறுத்திடுச்சு. ராக்கெட் மேடையிலேயே முழுசா நின்னுச்சு. மூணு வாரத்துல சரி பண்ணி, ஏப்ரல் 18 அன்னைக்கு அதே ராக்கெட்ட ஏவினாங்க.

இது எப்படி முடிஞ்சுச்சு? இங்கதான் டிசைன் அழகு. திட எரிபொருள் தீபாவளி ராக்கெட் மாதிரி. பத்த வச்சா பத்த வச்சதுதான். அணைக்க முடியாது. திரவ எரிபொருள் கேஸ் அடுப்பு மாதிரி. குழாய மூடினா நிக்கும். ஜி.எஸ்.எல்.வி.யோட நடுவுல பெரிய திட மோட்டார், பக்கத்துல நாலு திரவ ஸ்ட்ராப்-ஆன். அவங்க முதல்ல திரவ இன்ஜின்களப் பத்த வைப்பாங்க. 4.8 விநாடி அதுங்க சரியா எரியுதான்னு பாத்துட்டு, அப்புறம்தான் நடுவுல இருக்கிறதப் பத்த வைப்பாங்க. அந்த 4.8 விநாடிதான் கடைசி வாசப்படி. அதுக்குள்ள "வேணாம்"னு சொல்ல ஓர் இடம் விட்டு வச்சிருக்காங்க. 1979ல மனுஷங்க மீறின இடத்துல, 2001ல மீறவே நேரமில்லாத மாதிரி சிஸ்டத்தக் கட்டிட்டாங்க.

நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு கூடுதல் தகவல். அந்தத் திரவ இன்ஜினோட பேரு விகாஸ். அதோட பூர்வீகம் பிரான்ஸ். 1974ல இஸ்ரோவுக்கும் எஸ்.இ.பி.ங்கிற பிரெஞ்சு நிறுவனத்துக்கும் ஒப்பந்தம். வைக்கிங் இன்ஜினோட தொழில்நுட்பம் நமக்கு. பதிலுக்கு நம்ம இன்ஜினியர்களோட உழைப்பும், இங்க செஞ்ச அழுத்தமானிகளும் அவங்களுக்கு. பெரிசா பணம் கைமாறல. நம்பி நாராயணன் தலைமையில ஒரு குழு நார்மண்டி பக்கம் வெர்னோன் நகரத்துல வேலை செஞ்சாங்க. 1985ல முதல் இன்ஜின அங்கயே சோதிச்சாங்க. ரூ துய்மானு, ரூ சுஃப்ரேனுன்னு தெருப்பேரும் சிவப்புத் தொப்பி போலீஸும் மட்டும்தான் பிரெஞ்சு மிச்சம்னு நினைச்சீங்கன்னா, தமிழ்நாட்டு மகேந்திரகிரியில சோதனை ஆகிற விகாஸும் ஒரு பிரெஞ்சு மிச்சம்தான்.

2001க்கு அப்புறம் நிறுத்துறது ஒரு பழக்கமாவே ஆயிடுச்சு. 2013 ஆகஸ்ட் 19, ஜி.எஸ்.எல்.வி. டி5. ரெண்டாவது அடுக்குல எரிபொருள் கசிவு. 74 நிமிஷம் இருக்கும்போது நிறுத்தினாங்க. நாலு மாசத்துக்கு மேல கழிச்சு, 2014 ஜனவரி 5, வெற்றி. நம்ம சொந்த கிரயோஜெனிக் இன்ஜின் ஜெயிச்சது அன்னைக்குத்தான்.

2019 ஜூலை 15, சந்திரயான்-2. நடுராத்திரி. குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் பாக்க வந்திருக்கார். 56 நிமிஷம் 24 விநாடியில கடிகாரம் நின்னுச்சு. தொழில்நுட்பக் கோளாறு. ஒரு வாரத்துல, 22ஆம் தேதி மதியம், கிளம்புச்சு. ஒரு வாரம் போனாலும் நிலாவுல இறங்குற தேதிய மாத்தல. 54 நாள் திட்டத்த 48 நாளா சுருக்கி, பூமியச் சுத்துற நாளையும் நிலாவச் சுத்துற நாளையும் மறுபடி கணக்குப் போட்டாங்க. அந்த இறக்கம் தோத்தது வேற கதை. ஆனா நிறுத்தினதால எதுவும் கெடல.

2023 அக்டோபர் 21, ககன்யானுக்கான டி.வி.-டி1 சோதனை. அஞ்சு விநாடி இருக்கும்போது கம்ப்யூட்டர் நிறுத்துச்சு. காரணத்தக் கண்டுபிடிச்சு, அன்னைக்குக் காலைல பத்து மணிக்கே ஏவினாங்க. அந்த ராக்கெட்டுல இருந்ததும் ஒரு விகாஸ்தான். சென்னையோட அக்னிகுல் காஸ்மாஸ் 2024ல தங்களோட முதல் ராக்கெட்டுக்கு அஞ்சு தடவ தேதி வச்சாங்க. நாலு தடவ நிறுத்தினாங்க, அதுல ஒரு தடவ சில விநாடி இருக்கும்போது. மே 30 காலைல 7:15க்கு பறந்துச்சு. ட்விட்டர்ல கிண்டல் பண்ணவங்க பண்ணட்டும். ஒரு ஸ்டார்ட்-அப், காசு கரையும்போதும் நாலு தடவ "இன்னைக்கு வேணாம்"னு சொன்னது எனக்குப் பறந்ததவிடப் பெரிசாத் தெரியுது.

திருப்பி எடுக்கிறது

ரெண்டாவது பாடத்துல நாம கொஞ்சம் லேட். ஆனா சும்மா இல்ல. 2007 ஜனவரி 10 அன்னைக்கு பி.எஸ்.எல்.வி.யில போன எஸ்.ஆர்.இ.-1ங்கிற 550 கிலோ கூடு, 12 நாள் சுத்திட்டு, ஜனவரி 22ல பாராசூட்டோட வங்கக்கடல்ல இறங்குச்சு. ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிழக்க 140 கிலோமீட்டர். சுற்றுப்பாதையிலேந்து நாம திருப்பி எடுத்த முதல் பொருள் அது. கொஞ்ச நேரம் முன்னாடி சொன்ன டி.வி.-டி1ல, கடல்ல இறங்கின கூண்டக் கடற்படை மீட்டு சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டு வந்துச்சு.

2016 மே 23. ஆர்.எல்.வி.-டி.டி., சின்ன சிறகு வச்ச விமானம் மாதிரி ஒண்ணு. ராக்கெட் மேல உக்காந்து 65 கிலோமீட்டர் ஏறி, ஒலியவிட அஞ்சு மடங்கு வேகத்துல கீழ வந்து, சுமார் 450 கிலோமீட்டர் தள்ளி கடல்ல குறிச்ச இடத்துல இறங்குச்சு. மீட்கிற திட்டம் அப்ப இல்ல. 2023 ஏப்ரல் 2ல கர்நாடகாவோட சித்ரதுர்கா பக்கத்துல, சினூக் ஹெலிகாப்டர்ல நாலரைக் கிலோமீட்டர் தூக்கிட்டுப் போயி விட்டாங்க. அதுவா வழி பாத்து ஓடுபாதையில இறங்குச்சு. 2024 மார்ச்லயும் ஜூன்லயும் புஷ்பக்ங்கிற பேர்ல மறுபடி ரெண்டு தடவ. மூணுமே வெற்றி. ஆனா ஹெலிகாப்டர்லேந்து விழுறதுக்கும் சுற்றுப்பாதையிலேந்து வர்றதுக்கும் நடுவுல பெரிய தூரம் இருக்கு.

அந்தத் தூரம் எவ்வளவுன்னு 2024 நவம்பர்ல தெரிஞ்சுச்சு. 4,700 கிலோ எடையுள்ள ஜிசாட்-என்2 நம்ம எல்.வி.எம்.3க்கு அதிகம். அதனால அத அமெரிக்காவுல ஃபால்கன் 9ல ஏவினோம். ஏற்கனவே பலமுறை பறந்த பூஸ்டர் அது. நம்ம செயற்கைக்கோள மேல அனுப்பிட்டு, கடல் மேடையில பத்திரமா வந்து நின்னுச்சு. அதே வருஷம் செப்டம்பர்ல, முதல் அடுக்கத் திரும்பப் பயன்படுத்துற அடுத்த தலைமுறை ராக்கெட்டுக்கு 8,240 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்துச்சு.

ஒண்ணு கவனிங்க. பூஸ்டர் திரும்பி வந்தா தேதி குறிக்கிறது சுலபம் ஆகாது. ஏவுற இடத்துல வெயில் அடிச்சாப் போதாது. நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, இறங்குற இடத்துல அலை எவ்வளவு உயரம்னும் பாக்கணும். வங்கக்கடல்ல நவம்பர் எப்படி இருக்கும்னு நமக்குச் சொல்லணுமா என்ன?

கடல் யாரோட காலண்டர்

இதெல்லாம் நமக்கு எதுக்குன்னு கேட்டா, தமிழ்நாட்டுக்கே ஓர் ஏவுதளம் வருது. தூத்துக்குடி மாவட்டம், குலசேகரப்பட்டினம். 2024 பிப்ரவரி 28ல அடிக்கல் நாட்டினாங்க. எஸ்.எஸ்.எல்.வி.ங்கிற சின்ன ராக்கெட்டுக்காக. அங்கிருந்து நேரா தெற்க போகலாம். இலங்கையச் சுத்தி ஒடிச்சுத் திரும்புற செலவு மிச்சம். 500 கிலோ தூக்குற சின்ன ராக்கெட்டுக்கு அந்த மிச்சம்தான் வாழ்வா சாவா. ஆனா எஸ்.எஸ்.எல்.வி.யோட மூணு அடுக்கும் திட எரிபொருள். தீபாவளி ராக்கெட் ஞாபகம் இருக்கில்ல? பத்த வச்சா நிறுத்த முடியாது. அதனால நிறுத்துறது எல்லாம் அதுக்கு முன்னாடியே நடக்கணும்.

அங்கயும் ஏவுற நாள்ல மீனவர்களுக்கு அறிவிப்பு போகும். கிழக்குக் கடற்கரையில ஏற்கனவே வருஷத்துக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். புயல் நாள் தனி. அது மேல ஏவுற நாள். ஏவுறது தள்ளிப் போனா, அந்தக் கடல் இன்னொரு நாளும் மூடும். நம்ம ஆபீஸ்ல ரிலீஸ் தள்ளிப் போனா மாசச் சம்பளம் நிக்காது. ஃபைபர் படகு வச்சிருக்கிறவருக்கு அன்னைக்கு வருமானம் அன்னைக்கே போச்சு.

நிறுத்துன்னு சொல்றது சரியான முடிவுன்னு இவ்வளவு நேரம் நான்தான் பேசினேன். இப்பவும் அதுதான் என் கருத்து. அதனாலதான் அந்த முடிவோட செலவும் கணக்குல வரணும்னு சொல்றேன். சுற்றுப்பாதையக் கணக்குப் போட்டு, 54 நாள 48 நாளா மாத்தத் தெரிஞ்ச நமக்கு, எந்த நாள் கடல் மூடும், தள்ளிப் போனா என்ன இழப்பீடு, வலையில பூஸ்டர் மாட்டினா யாரக் கூப்பிடணும், கிழிஞ்ச வலைக்கு யார் பொறுப்புன்னு முன்கூட்டியே எழுதி வைக்கிறது கஷ்டமான வேலையா? ஏவுறதுக்கு முன்னாடி சரிபாக்கிற நீளமான பட்டியல்ல அதுக்கும் ஒரு வரி இருக்கலாம்.

இனி செய்தியில "ராக்கெட் ஏவுதல் ஒத்திவைப்பு"ன்னு பாத்தா, உச்சு கொட்டாதீங்க. யாரோ ஒருத்தர், இல்ல ஒரு கம்ப்யூட்டர், சரியான நேரத்துல சரியான வேலையச் செஞ்சிருக்கு. கூடவே, அன்னைக்குக் கடலுக்குப் போகாம கரையில காத்திருந்தவங்களையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.

அடுத்த எபிசோடுல பாக்கலாம்.